என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனவன் நீ. அதனால் நலமா என்று கேட்கவில்லை. அதில் உட்கார்ந்திருப்பவன் நலமாகத்தான் இருப்பான். அண்ணிக்கு என் அன்பு. இதைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி எழுதுகிறேன். எழுத்து சரிந்திருப்பதற்குக் காரணம் அதுதான். கோபம் இனிமேல்தான் வரும்.

உனக்குத் தெரியாததில்லை. சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் தினமும் ஒன்பது மணி நேரம் நின்று, விட்டுப்போன தையலைத் தேடுகிறவள் நான். உட்கார்ந்தால் கண் அசந்துவிடும் என்பது எங்கள் சூப்பர்வைசரின் கண்டுபிடிப்பு. அதை அவர் உட்கார்ந்துகொண்டுதான் கண்டுபிடித்தார். நான்கு வருடமாக இந்த இடுப்பு வலி. ரத்தம் வராத வலி என்பதால் யாருக்கும் நம்பிக்கையும் வரவில்லை. டாக்டர் மூன்று வாரம் ஓய்வு எழுதினார். முதுகு நிமிர்ந்த மர நாற்காலி ஒன்று வாங்கச் சொன்னார், வாங்கினேன். வரும் திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் என்னை ஒரு மணி நேரம் நிற்க வைத்துப் பார்ப்பார். நின்றால் வேலை, சாய்ந்தால் வீடு. "யார் எது கேட்டாலும் முடியாதுன்னு சொல்லிப் பழகும்மா, அதுவும் மருந்துதான்" என்றார் எங்கள் டாக்டர். "முடியாது டாக்டர்" என்றேன். அந்த வார்த்தையை நான் இதுவரை சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

நீ என்ன செய்தாய்? குடும்ப வாட்ஸ்அப்பில், "தங்கச்சி மூணு வாரம் வீட்லதான் இருக்கா" என்று போட்டாய். நோயாளிக்கு ஆறுதல் சொல்வார்கள் என்று நினைத்தாயோ, ஆள் காலியாக இருக்கிறது என்று விளம்பரம் கொடுத்தாயோ! மறுநாள் காலையிலேயே அத்தை வந்து, கண் டெஸ்டுக்குத் துணைக்கு வா என்று இழுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் காலியாக இருந்தவை இரண்டே இருக்கை. ஒன்றில் அத்தை, இன்னொன்றில் அவளுடைய பை. "அத்தை, பையை மடியில வெச்சுக்கோங்களேன்" என்றால், "உனக்கு முதுகுதானேடி வலி, காலா வலிக்குது? நில்லு" என்றாள். இரண்டரை மணி நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து படுத்தால் சித்தி. "பாவம், பொழுது போகாம இருப்பே" என்று பரிதாபப்பட்டு, பொத்தான் அறுந்த பதினோரு சட்டையைக் கட்டில்மேல் கொட்டிவிட்டுப் போனாள். சட்டையிலிருந்து தப்பிக்கத்தானே லீவு போட்டேன்! அதை முடித்து நூலை அறுக்கிற நேரத்தில் மாடிவீட்டுக்காரர் வந்து, "பீரோவை மாடிக்கு ஏத்துறோம், நீ பிடிக்கவே வேண்டாம்மா, படியில நின்னு வழி மட்டும் சொல்லு" என்றார். வழி சொல்லிக்கொண்டே பின்னால் ஏறினேன். ஒன்பதாவது படியில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நான் இருந்தேன். முழுப் பாரமும் என் தோளில். மேலே இருந்து அவர் எட்டிப் பார்த்து, "வலி வலின்னு சொன்னாங்களே, நல்லாத்தானே தாங்குறே!" என்று பாராட்டினார். நாலு நாள் புரள முடியவில்லை. எல்லாருக்கும் நான் சொன்னது ஒரே வார்த்தை: சரி. கண்ணாடி முன்னால் நின்று 'முடியாது' என்று ஒத்திகை பார்த்தேன். கண்ணாடிக்குத் தைரியமாகத்தான் சொன்னேன்.

கடைசியில் நீ. நலம் விசாரிக்க வந்தாய், நாற்காலியை விசாரித்தாய். "வீடியோ மீட்டிங்ல மேனேஜர் முன்னாடி கொஞ்சம் நிமிர்ந்து தெரியணும், ரெண்டே நாள்" என்றாய். எட்டு நாள் ஆகிறது. நீ நிமிர்ந்து தெரிய வேண்டும். நான் நிமிர்ந்து நிற்க வேண்டும். இரண்டில் எது அவசரம் என்று உனக்கே விட்டுவிடுகிறேன்.

இன்று சனிக்கிழமை. இனி யாருக்காகவும் ஒரு துரும்பைக்கூட அசைக்க மாட்டேன். இது உறுதி. அத்தையிடமும் சித்தியிடமும் நீயே சொல்லிவிடு. மாலைக்குள் நாற்காலி வந்தாக வேண்டும்.

உன் இடுப்பு நூறு வருடம் பிடிக்காமல் இருக்க வாழ்த்தும்,
தங்கை

பி.கு.: கையெழுத்துப் போட்ட மை காயவில்லை, அண்ணி போன் செய்தாள். நாற்காலியைத் திருப்பித் தரலாம் என்று தூக்கினாயாம், இடுப்பு பிடித்துக்கொண்டதாம், அதிலேயே உட்கார்ந்து அலறுகிறாயாம். "நீதான் இதுல அனுபவசாலி, கொஞ்சம் வந்து பாரேன்" என்றாள். சரி என்றுவிட்டேன். தைலம், வெந்நீர்ப் பை, என் இடுப்பு பெல்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருகிறேன். இரண்டிலும் உட்கார இடம் இருக்காது. கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கையிலேயே தருகிறேன். படித்துவிட்டாயா? தலையைத் தூக்கிப் பார். எதிரில் நின்றுகொண்டிருக்கிறேன்.

எழுந்திரு, அண்ணா.