அசல் வக்கீல் ஸ்டிக்கர்

"கையில கட்டோட வந்தவன நான் வெறுங்கையோட அனுப்புனதே இல்லப்பா" என்று வக்கீல் இராமலிங்கம் சொன்னதும் மணிவேலுக்குப் பாதி வலி போய்விட்டது.

துறைமங்கலத்தில் ரோட்டோரம் நடந்துபோனவனை ஒரு வெள்ளைக் கார் தட்டிவிட்டு நிற்காமல் போயிருந்தது. வலது மணிக்கட்டு மூன்று துண்டு. நம்பர் பிளேட் எழுதி, ஸ்டிக்கர் வெட்டிப் பிழைத்த கை. அது இனி பழைய கை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நஷ்ட ஈடுதான் இனி அந்தக் கை.

"கார் போட்டோ இருக்கா?"

இருந்தது. டீக்கடைக்காரர் ஓடிப்போய் எடுத்த படம். நம்பர் புழுதியில் மறைந்திருக்க, பின்கண்ணாடியில் வக்கீல் ஸ்டிக்கர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

இராமலிங்கம் போனைத் திருப்பிக் கொடுத்தார். "நம்ம சங்கத்து வண்டிப்பா. நான் எப்புடி? போறப்ப கதவ சாத்திட்டுப் போ."

இருந்த ஒரு கையால் சாத்திவிட்டு வந்தான்.

"பெரம்பலூர் வக்கீல் பெரம்பலூர் வக்கீலத்தான் காப்பாத்துவாரு. அரியலூர் போவம் மச்சான்" என்றான் மனைவியின் தம்பி ராசாங்கம்.

அரியலூர் வக்கீல் குருநாதன் விவரமானவர். "இப்பல்லாம் கோழிக்கடைக்காரன்கூட இத ஒட்டிக்கிறான். போலியா இருந்தா இன்னிக்கே கேஸ் போட்டுருவேன். நீயே பாத்துச் சொல்லு, உன் தொழில்தானே?"

மணிவேல் உற்றுப் பார்த்தான். தொழில் பக்தி வலியைவிடப் பெரிது.

"அசல் சார். எவ்ளோ சுத்தமான வெட்டு பாருங்க! போலிக்காரன் கைக்கு இது வராதுங்க."

"அப்பக் கெளம்பு."

ராசாங்கம் தலையில் அடித்துக்கொண்டான்.

குருநாதன் அத்தோடு விடவில்லை. படத்தை வக்கீல்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டார்: 'யாருடைய கார்? ஒருவர் கேஸ் போட அலைகிறார்.' யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. யாரோ பெரிய சீனியருடையது என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். மறுநாள் மணிவேல் ஜெயங்கொண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அங்கிருந்த வக்கீல்கள் அத்தனை பேரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். மணி பத்தே கால்.

"வக்கீல் சங்கத்துக்கு ஒரு மன்னிப்புக் கடுதாசி குடுத்துருவம் மச்சான். கோவம் தணிஞ்சா எவராச்சும் எடுப்பாங்க."

'என் கை கவனக்குறைவாகக் காரில் மோதிவிட்டது' என்று ராசாங்கமே எழுதினான். மணிவேல் இடது கட்டைவிரலை உருட்டினான். சங்கம் பெருந்தன்மையோடு மன்னித்தது. "தப்ப ஒத்துக்கிட்டுக் கைநாட்டு வச்சவனுக்கு அப்பறம் என்னப்பா கேஸு?" என்றும் கேட்டது.

கடைசியில் பெரம்பலூர் கோர்ட் வாசலில் சத்யப்பிரியா அகப்பட்டாள். போன மாதம்தான் கறுப்புக் கோட்டு மாட்டியவள். கையில் ஒரு கேஸும் இல்லாததால், குரூப்பில் வந்த படத்தைத் தன் போனிலேயே பெரிதாக்கிப் பார்க்க அவளுக்கு நேரம் இருந்தது.

"அண்ணே, இது போலி!"

"அசல் மேடம். வெட்டு..."

"வெட்டு கெடக்கட்டும். எங்க ஸ்டிக்கர்ல வரிசை நம்பர் இருக்கும். இதுல இல்ல. வக்கீல் வண்டியே கெடையாதுண்ணே! கேஸ நான் போடுறேன்."

மணிவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவன உள்ள தள்ளுங்க மேடம்."

"அதுக்கு முந்தி, கண்டவனுக்கும் இத வெட்டிக் குடுத்தானே, அந்த ஸ்டிக்கர் கடைக்காரனப் புடிக்கணும். கார்க்காரன் யாருன்னு அவன் வாயாலயே வரும்."

"புடிங்க மேடம்! அவன் கைய ஒடைக்கணும்!"

"ஓரத்துல பொடி எழுத்துல கடை போன் நம்பரயே போட்ருக்கான், கூமுட்ட." அவள் அந்த எண்ணை அழுத்தினாள்.

மணிவேலின் சட்டைப்பையில் போன் அடித்தது. "ஒரு நிமிசம் மேடம், கஸ்டமர் போலருக்கு" என்று இடது கையால் துழாவினான்.

"எடுங்கண்ணே" என்றாள் சத்யப்பிரியா. "கூப்புடுறது நாந்தான்."