கஷ்டங்களுக்கு ஒரு படிவம்

மூன்றாவது வாரமும் குலுக்கலில் நாலாம் நம்பர் பஸ் மீசை என்கிற டிரைவருக்கே விழுந்தது. சீட்டைப் பிரித்த டிப்போ டைம்கீப்பர் அதை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். பெயர்களை எழுதியவர் அவர், மடித்தவர் அவர், குலுக்கிய தகர டப்பாவும் அவருடையது.

நாலாம் நம்பர் என்றால் அகலமான ரோடு, பாதி காலி வண்டி, மதியத்துக்குள் வீடு. ஒன்பதாம் நம்பர் என்றால் மார்க்கெட் சந்து, படிக்கட்டு வரை ஜனம், நாற்பத்திரண்டு வளைவு. யாருக்கு எது என்ற சண்டையில் போன மாதம் ஒன்பதாம் நம்பரின் ஆறு மணி வண்டி இரண்டு முறை ஏழு மணிக்குப் புறப்பட்டது. "இன்னொரு தடவை லேட்டானா நீங்க வேற டிப்போவுக்கு மூட்டை கட்டிக்கலாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். டைம்கீப்பரின் மனைவிக்கு நாலு வருஷம் அலைந்து இப்போதுதான் இதே ஊரில் வேலை கிடைத்திருந்தது. மாற்றல் என்ற வார்த்தையை வீட்டில் எப்படி ஆரம்பிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"குலுக்கல்ல விழுந்தது என் அதிர்ஷ்டம். இதுல என் தப்பு என்ன?" என்றார் மீசை.

வாத்தியார் என்று பெயர் எடுத்த டிரைவர் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் உட்கார நேரமாகும்.

"அந்த அதிர்ஷ்டத்தைப் பத்தித்தான் பேச்சே. நல்ல முதுகோட பொறந்தவனுக்கும் ஒரு சீட்டு, முதுகு போனவனுக்கும் ஒரு சீட்டு. இது சமமா? பொறக்கும்போதே ஒரு குலுக்கல் நடந்து முடிஞ்சுடுச்சு சார். அதுல தோத்தவனுக்குக் கொஞ்சம் கை கொடுக்கறதுதான் நியாயம்."

டைம்கீப்பருக்கு அது சரியென்றே பட்டது. சரியான பேச்சுதான். கெட்டதெல்லாம் அதற்குப் பிறகு அவர் செய்த காரியம்.

"சரி. யாருக்குக் கஷ்டம் அதிகமோ, அவருக்கு நாலாம் நம்பர். சொல்லுங்க, யாருக்கு என்ன கஷ்டம்?"

மீசை, வாத்தியார், தொப்பை மூவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அரை மணி கழித்தும் மூடவில்லை. நாலாவது டிரைவர் மட்டும் மூலையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷத்தில் எதையும் கேட்டதில்லை என்பதால் அவருக்குச் சாமியார் என்று பெயர். வாயில்லாத மனுஷன் என்று ஒன்பதாம் நம்பரைப் பெரும்பாலும் அவர் தலையில்தான் கட்டினார்கள்.

பேச்சு உதவாது என்று டைம்கீப்பர் ஒரு படிவம் தயாரித்தார். பக்கம் நிறைய, நெருக்கி அச்சடித்த பன்னிரண்டு கேள்விகள். முதுகு, முட்டி, தூக்கம், காது, வீட்டில் நோயாளி. ஒவ்வொன்றுக்கும் மார்க்.

"உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு, நாளைக் காலையில என் மேஜையில வெச்சிடணும்."

மறுநாள் மூன்று பேருக்கும் நூற்றுக்கு நூறு வந்தது. சாமியாரின் படிவத்தில் ஒரு கோடுகூட இல்லை. அதை அடியில் வைத்துவிட்டு, மற்ற மூவரையும் கூப்பிட்டார்.

"ஆமா இல்லைன்னு டிக் போட்டா போதாது. விவரமா எழுதுங்க."

விவரமாக எழுதினார்கள். மீசை, வளைவில் திரும்பினால் தலை சுற்றும் என்று எழுதினார். வாத்தியார், பின்னால் வரும் ஹாரன் எதுவும் தன் காதில் விழுவதில்லை என்று தனித்தாளே இணைத்தார். தொப்பை சுருக்கமானவர். "உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

யாருக்கு முதலிடம் கொடுப்பது என்று புரியாமல், டைம்கீப்பர் படிவக் கட்டை அப்படியே மேனேஜரிடம் கொண்டுபோனார். அவர் செய்த பிழைகளில் இதுதான் பெரியது.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மேனேஜர் வந்து நின்றார். கையில் படிவங்கள். வெளியே ஒன்பதாம் நம்பருக்கு முன்னால் கூட்டம் முண்டியடித்தது.

"தலைசுத்தல், காது கேக்காது, உட்கார்ந்தா தூக்கம். இவங்க கையிலயா பஸ்ஸைக் கொடுத்திருக்கோம்? டாக்டர் சர்டிபிகேட் வர்ற வரைக்கும் மூணு பேரும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது."

"சார், அது சும்மா எழுதினது" என்றார் மீசை.

"சும்மாவா? பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டா சஸ்பெண்ட். எது வேணும், சொல்லுங்க."

மீசை ஒரு கணம் யோசித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, "தலை சுத்துது சார்" என்றார்.

ஆறுக்கு எட்டு நிமிஷம் இருந்தது.  டைம்கீப்பருக்கு மனைவியின் முகம் கண் முன்னால் வந்து போனது. மேனேஜர் கையிலிருந்த கட்டின் அடியிலிருந்து நாலாவது படிவத்தை உருவி நீட்டினார்.

"சார், இவர் ஒரு கஷ்டமும் எழுதலை சார்."

மேனேஜர் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் கனிந்தது.

"மனுஷன்னா இவர் மனுஷன். எல்லாரும் மூக்கால அழறப்போ, இவருக்கு ஒரு குறையும் தோணலை பாருங்க. கூப்பிடுங்க அவரை. ஹெட் ஆபீசுக்கு நானும் அந்த வண்டியிலயே போறேன்."

சாமியார் அதே சிரித்த முகத்தோடு வந்தார். வண்டியின் பக்கவாட்டைக் கையால் தடவிக்கொண்டே முன்னால் போய்க் கதவைத் திறந்தார். வண்டி மேல் எவ்வளவு பாசம் என்று டைம்கீப்பர் நெகிழ்ந்துபோனார். மேனேஜர் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அறுபது பேர் ஏறினார்கள், பத்துப் பேர் தொங்கினார்கள். சரியாக ஆறு மணிக்கு ஒன்பதாம் நம்பர் கேட்டைத் தாண்டி மார்க்கெட் சந்துக்குள் திரும்பியது.

டைம்கீப்பர் நாற்காலியில் சாய்ந்து, வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். வேலை பிழைத்தது. வீடும் பிழைத்தது. பஸ் கழுவும் அக்கா வாளியோடு உள்ளே வந்தார்.

"பாத்தீங்களாக்கா, பன்னிரண்டு கேள்வி" என்று டைம்கீப்பர், மேனேஜர் விட்டுப்போன சாமியாரின் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "ஒண்ணுக்குக்கூட அவர் பதில் எழுதலை. நமக்கெல்லாம் அந்த மனசு வருமா?"

அக்கா வாளியைக் கீழே வைத்தார்.

"எழுதணும்னுதான் சார் உட்கார்ந்தாரு. தாள் முழுக்க வெள்ளையா இருக்கே, கேள்வி எங்கம்மான்னு என்கிட்ட கேட்டாரு."