மாமியார் வீட்டு ஜிம்மியும் என் தொண்டையும்

பறவைகளைப் பற்றி எங்கள் கொல்லிமலைக்காரர்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான்: விரட்டுவது. தினை முற்றுகிற நேரத்தில் பரண் மேல் ஏறி, தகரத்தைத் தட்டி, தொண்டை கிழியக் கத்தி வளர்ந்தவன் நான். நடக்கப் பழகியதும் கத்தப் பழகியதும் எனக்கு ஒரே சமயத்தில்தான். அப்பேர்ப்பட்டவனிடம்தான் என் மாமியார் ஒரு குருவியைக் கொடுத்துப் பழக்கச் சொன்னார்.

குருவி என்றால் பட்ஜி. மாமியாரின் ஊரான ராசிபுரத்தில் 'லவ் பேர்ட்ஸ்' என்பார்கள். (ஒன்றே ஒன்று இருந்தாலும் 'பேர்ட்ஸ்'தான்.) பச்சை உடம்பு, மஞ்சள் தலை, பெயர் ஜிம்மி. (நாய்க்கு வைக்கிற பெயராயிற்றே என்று கேட்க வாய் வரை வந்தது. புது மாப்பிள்ளை, விழுங்கிக்கொண்டேன்.)

விஷயம் இதுதான். என் மனைவி சுதா எங்கள் மலையிலுள்ள வாழவந்தி நாட்டுக்கு நர்ஸாக வந்தவள். வேலைக்கு வந்த இடத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். மகளை மலையில் விட மாமியாருக்கு மனசே இல்லை. ராசிபுரத்துக்கு டிரான்ஸ்பர் வாங்கியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றார். அவள் இறங்கினால் நானும் இறங்க வேண்டும். தினைக்காடும் மிளகுக்கொடியும் அவ்வளவுதான். கல்யாணமான கையோடு கூண்டை என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க மாப்ள, சும்மா சத்தம் போடற ஆளுகிட்ட இது அண்டாதுங்க. நான் மலைக்கு வாரப்ப உங்க கையில உக்காந்திருந்துச்சுன்னா, டிரான்ஸ்பர் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"அதுக்கென்னங்க அத்தை, ஜமாய்ச்சுடலாம்" என்றேன். வாய்க்கொழுப்பு.

வீட்டுக்கு வந்ததும் கூண்டருகே போய் அன்பாக "ஜிம்மி!" என்றேன். குச்சியில் இருந்த ஜிம்மி தொப்பென்று கீழே விழுந்தது. எங்கள் ஊரில் பக்கத்து வீடு என்பது அடுத்த சரிவில் இருக்கும். 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதே பள்ளத்தாக்கைத் தாண்டிப் போக வேண்டும். மெதுவாகப் பேசுவது என்றால் எங்களுக்கு ஏதோ திருட்டுத்தனம்.

"காதுல ரகசியம் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றாள் சுதா.

பழகினேன் சாமி, பழகினேன். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, கூண்டுக்குள் கையை விட்டு, விரல் நுனியில் தினைக்கதிரைப் பிடித்துக்கொண்டு சிலையாக நிற்பேன். கை மரத்துப் போகும். மூக்கு அரிக்கும். சொறிய முடியாது. ஜிம்மி மூலையில் ஒண்டிக்கொண்டு என்னை ஒரு கொலைகாரனைப் போலப் பார்க்கும். பிறகு ஒரு நாள் கதிரைக் கொத்தியது. அப்புறம் விரலைக் கொத்தியது. அதன் வயிற்றடியில் விரலை மெல்ல வைத்து "ஏறு கண்ணு, ஏறு சாமி" என்று கெஞ்சக் கெஞ்ச, கடைசியில் ஏறியே விட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்கிட்டகூட நீங்க இப்படிக் கொஞ்சுனதில்லீங்க" என்று சுதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாமியார் வந்தார். கொண்டை ஊசி வளைவு அத்தனையிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர், உள்ளே நுழைந்ததும் "காத்து வரட்டும்" என்று ஜன்னலைத் திறந்துவிட்டு, காபி டம்ளரோடு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு நேரே எங்கள் தினைக்காடு, அறுப்புக்குத் தயாராக. ஜிம்மியை விரலில் ஏந்தி, கோயிலில் தீபாராதனை காட்டுவதுபோல அவர் முன்னால் நீட்டினேன். மாமியாரின் முகம் மலர்ந்தது.

"பரவால்லீங்களே மாப்ள! அப்ப டிரான்ஸ்பரு..."

அந்த வாக்கியத்தை அவர் முடித்திருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது. ஜன்னல் வழியே ஒரு கிளிக்கூட்டம் எங்கள் காட்டில் இறங்குவது என் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல, என் பரம்பரைதான் பொறுப்பு.

"ஏஏஏய்ய்ய்! ஹோய்ய்ய்!"

கத்தியதோடு கையையும் ஓங்கி வீசினேன். எந்தக் கை? ஜிம்மி இருந்த கை. கிளிகள் பறந்தன. காபி மாமியாரின் பட்டுப்புடவையில் பறந்தது. ஜிம்மி ஜன்னல் வழியே பறந்தது.

போய் உட்கார்ந்த இடம் தினைக்காட்டின் நட்டநடு. பின்னாலேயே ஓடினேன். அடுத்த காட்டுப் பரணில் அய்யாவு சித்தப்பா கவணில் கல்லை வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். அவர் குறி தப்பாது.

"சித்தப்பா! கல்ல கீழ போடுங்க! அது எங்க மாமியார் ஊட்டுக் குருவி!"

"குருவியில என்னடா மாமியார் ஊட்டுக் குருவி?" என்றாலும் கவணை இறக்கினார். கையெடுத்துக் கும்பிட்டுச் சுற்றுவட்டாரத் தகரச் சத்தத்தையெல்லாம் நிறுத்தினேன். மலையே கப்சிப். இதைத்தான் எதிர்பார்த்ததுபோல, போன கிளிகள் சொந்தபந்தங்களோடு திரும்பி வந்தன. கத்தினால் ஜிம்மி போய்விடும். கத்தாவிட்டால் தினை போய்விடும். வாயைப் பொத்திக்கொண்டு, கையில் ஒரு கதிரை நீட்டியபடி, "வா கண்ணு... வா சாமி" என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். என் கைக்கெட்டும் தூரத்தில் கிளிகள் சாவகாசமாகத் தின்றன.

"கிளிக்குப் பந்தி பரிமாறறவன இன்னைக்குத்தாண்டா பாக்கறேன்" என்றார் சித்தப்பா பரணிலிருந்து.

பொழுது சாயும் நேரத்தில் ஜிம்மி வயிறு முட்டத் தின்றுவிட்டு, பறக்க முடியாமல் தத்தித் தத்தி வந்து என் விரலில் ஏறியது. பொத்திப் பிடித்துக்கொண்டு திரும்பினால், வரப்பில் காபிக்கறையோடு மாமியார், பக்கத்தில் கூண்டோடு சுதா. பாதிக்குமேல் கதிரில்லாமல் வெறும் தாளாக நின்ற காட்டைப் பார்த்தார் மாமியார். என்னைப் பார்த்தார்.

"சுதா, டிரான்ஸ்பர் வேண்டாங் கண்ணு. ஒரு குருவிக்காக வெள்ளாமையவே உட்டுட்டு வாயப் பொத்திட்டு நின்ன மனுசன், உன்னைய நல்லாத்தான் பாத்துக்குவாரு."

காடு போனாலும் மலை தங்கிவிட்டது என்று நினைத்தேன். மாமியார் என் கையிலிருந்து ஜிம்மியை வாங்கிக் கூண்டுக்குள் விட்டு, கதவைக் கொக்கி போட்டார்.

"ஆனா ஜிம்மி என்கூட ராசிபுரம் வந்துரும். உன்னைய இங்க உட்டுட்டுப் போலாம், இத உட முடியாது."

இன்றைக்கும் மாமியார் போன் செய்தால், சுதா எடுத்துப் பேசிவிட்டு, "இருங்கம்மா, அவருகிட்டக் குடுக்கறேன்" என்பாள். உடனே அந்தப் பக்கத்திலிருந்து பதறிக்கொண்டு குரல் வரும்.

"இரு, இரு! ஜிம்மிய உள் ரூமுல வெச்சுக் கதவச் சாத்திட்டு வாரேன்."