குழிக்கு நாலு பேர் கேட்ட கல்யாணம்

கல்யாண மண்டபத்தில் சாப்பிட வந்த சனத்தை எழவுக்குக் கிளப்பிவிட்டவன் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் வீட்டுக்காரி சொன்னால் இன்னும் நாலு விஷயம் சேர்த்துச் சொல்வாள்.

நான் பேஸ் கிட்டார்காரன். இன்றைக்குக் கொழும்பில் பைலா, ஜாஸ், தோட்டத்துத் தப்பு மேளம் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறேன். அதற்குக் கைதட்டவும் ஆள் வருகிறது. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ஹட்டன் பஜாரில் அப்பாவின் இரும்புக்கடை மேல்மாடியில் இருந்துகொண்டு, உலக இசையையே திருப்பிப் போடப் போகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (உலகத்துக்குத் தகவல் போய்ச் சேரவில்லை.)

மலரைக் காதலித்துக்கொண்டும் இருந்தேன். அவள் அப்பா லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கண்டாக்கு. விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புகிற மனிதர். பெண் கேட்டுப் போனபோது கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலு கம்பிதான் இருக்கு. மத்த ரெண்டு எங்க தம்பி?"

"இதுக்கு நாலுதாங்க."

"பாட்டு வருமா?"

"பாட்டுக்கு அடியில வருங்க."

அவருக்கு அது ஒரு தொழிலாகவே படவில்லை. "மூத்தவ கல்யாணத்துல வாசிங்க. கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். ஆக, மலர் எனக்கு உண்டா இல்லையா என்பது அந்த ஒரு மத்தியானத்தில் தொங்கியது.

சும்மா வாசித்தால் போதாதா? மாமனாரின் தோட்டத்து அடியையே பேஸில் இறக்கி அவரை அசத்த வேண்டும் என்று என் புத்தி போனது. சில வாரம் முன்னால் தலவாக்கலை பஸ்ஸில் போகும்போது பனிமூட்டத்துக்குள்ளிருந்து தப்புச் சத்தம் கேட்டது. நடுநடுவே பட்டாசு. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஏதோ கோயில் தேர் என்று நினைத்து போனில் பதிவு செய்துகொண்டேன். திருவிழாவுக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி என்று தப்புக்கு இருப்பது தோட்டத்து லய வீட்டு வரிசையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கடைமாடியில் வளர்ந்த எனக்குத் தெரியாது. எழவு ஊர்வலத்திலும் பட்டாசு போடுவார்கள் என்பதும் அப்போது உறைக்கவில்லை.

தாலி கட்டி முடிந்து, பந்திக்கு இன்னும் நேரம் இருந்தது. எங்கள் டிரம்மர் நிமல் பைலா அடித்துச் சனத்தைச் சூடேற்றி வைத்திருந்தான். நான் முன்னால் போய், மற்ற எல்லாரையும் நிறுத்தச் சொல்லி, சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டுத் தனியாக அந்த அடியை எடுத்தேன்.

முதல் சுற்றிலேயே மண்டபம் அடங்கியது. சொக்கிப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது சுற்றில் ஆம்பளைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மரியாதை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். (கண்ணை மூடி வாசிப்பதை அன்றோடு விட்டேன்.)

திறந்தபோது முன்வரிசையில் ஒரு அம்மா, "எந்த லயத்துலடி சாவு?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டுக்கொண்டே முந்தானையை வாய்க்குக் கொடுத்தாள். சாவுத் தப்பு கேட்டதும் குழிக்கு ஆள் பிரித்து அனுப்புவது கண்டாக்கு ஐயாவுக்கு முப்பது வருஷப் பழக்கம். பட்டு வேட்டியோடு எழுந்து, பெரட்டுக் குரலில் கூப்பிட்டார்.

"குழி வெட்ட நாலு பேர் வாங்க."

நாலு பேர் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தம்பியும் அதில் ஒருவன். அப்புறம்தான் தான் எங்கே நிற்கிறோம் என்பது ஐயாவுக்குத் தெரிந்தது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் விரல் வெட்கமில்லாமல் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பேஸ் சத்தம் சுவரையும் தாண்டும். பின்பக்கம் சமையல்காரருக்கு மற்றப் பாட்டு எதுவும் கேட்கவில்லை, இது மட்டும் கேட்டிருக்கிறது. லயத்தில் சாவு விழுந்தால் அடுப்பெரியாது. மனிதர் முறை தவறாமல் சோத்து அண்டாவுக்கு அடியிலிருந்து விறகை இழுத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டார். ஈர விறகு மறுபடி பற்றவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அரைவேக்காட்டுச் சோற்றோடு சேர்த்து என்னையும் மென்றார்கள்.

மலர் என்னைக் கடந்து போகும்போது, "செத்தது யாருன்னு இப்ப தெரியுதா?" என்றாள். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. கிட்டாரை விற்றுவிட்டுக் கடையில் ஆணி நிறுக்க உட்கார்ந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஐயா கடைக்கு வந்தார். ஆணி வாங்க வந்த ஆள் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார்.

"நாலு ஆள் வேணும்னா பெரட்டுல நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்தணும், தம்பி. அப்பவும் மூணு பேர்தான் வருவான். அன்னைக்கு நீங்க தட்டுனீங்க, நான் வாய மூடுறதுக்குள்ள நாலு பேரு வந்து நிக்கிறான். அது தொழில்தான். ஒத்துக்கிறேன்."

நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஆனா ஒண்ணு. உங்க கல்யாணத்துல அந்தச் சாமான் மண்டபத்துக்குள்ள வரக்கூடாது."

எங்கள் கல்யாணத்தன்று கிட்டார் தோட்டத்து உர ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. சாவி மாமாவின் மடியில் இருந்தது.

அந்த அடியை இப்போது கொழும்பில் கேட்டு வாங்கி ரசிக்கிறார்கள். வீட்டில்தான் வழியில்லை. பழகலாம் என்று கிட்டார் பையைத் திறந்தாலே, ஓய்வுபெற்று எங்களோடு இருக்கும் மாமா டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்.

"இன்னைக்குக் குழிக்கு எத்தன பேர் போடணும் மாப்ள?"

அடுப்படியிலிருந்து மலர் குரல் கொடுப்பாள்.

"கொஞ்சம் பொறுங்க, நான் மொதல்ல சோத்த வடிச்சிர்றேன்."