மூன்றாவது கோப்பையை யாரும் எடுக்கவில்லை

சாவோசோ நகரிலிருந்து

பாங்காக்கில் வசிக்கும் மரியாதைக்குரிய பெரிய அண்ணன் ஷுன்காய் அவர்களுக்கு, தம்பி ஷுன்ஃபா வணங்கிச் சொல்லிக்கொள்வது. உங்கள் ரத்த அழுத்தமும் அண்ணியின் முழங்காலும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே கட்டுக்குள் இருப்பது என் வலது கை மட்டும்தான். தீக்காயம். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் யான்லிங் எழுதுகிறாள். பெண்ணைப் பற்றிய புகாரை அந்தப் பெண்ணையே எழுதவைக்கும் நிலை எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடாது.

எங்கள் ஆலையில் கழிப்பறைப் பீங்கான் செய்வது உங்களுக்குத் தெரியும். சூளை ஒரு நீளமான சுரங்கம், இன்னும் சுடாத பச்சைப் பீங்கான் ஏற்றிய வண்டி ஒரு வாய் வழியே நுழையும், தள்ளு இயந்திரம் தள்ளத் தள்ள முன்னால் உள்ள வண்டிகளெல்லாம் நகரும், வெந்தது மறுவாய் வழியே வெளியே வரும், என் மனைவி செத்த அன்றுகூட அந்த நெருப்பு அணையவில்லை. போன வாரம் தள்ளு இயந்திரம் முனக ஆரம்பித்தது, அதை விற்ற கம்பெனி ஃபோஷானிலிருந்து பெங் என்றொருவனை அனுப்பியது, வந்தவனுக்குத் தேநீர் கொடுக்காமல் இருக்க முடியுமா? முதலாளி தெங், அந்தப் பெங், கணக்கர் ஹுவாங், நான், ஆக நாலு பேர். நம் வழக்கப்படி எத்தனை பேர் இருந்தாலும் கோப்பை மூன்றுதான். முதலாளிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. மூன்றாவதைக் கணக்கர் பக்கம் தள்ளி, "நீங்க குடிங்க" என்றேன். "ஐயையோ, வயசுல மூத்தவர் நீங்க இருக்க நானா?" என்று அவர் என் பக்கம் தள்ளினார். நான் தள்ள, அவர் தள்ள, அது தீராமல் யாரும் எழ முடியாதே! அந்த நேரம் பார்த்து, என்னோடு அதே ஆலையில் வேலைபார்க்கும் யான்லிங் சூளைப் பக்கமிருந்து கத்துகிறாள்: "அப்பா, உள்ள வண்டி சாயுது, சீக்கிரம் வாங்க!" நான், "இரும்மா, இவர் இன்னும் எடுக்கல" என்றேன். பெங் எழப் பார்த்தான். "உக்காருங்க தம்பி, சூளை எங்க ஓடிப்போயிரப் போவுது?" என்றார் முதலாளி. அது ஓடவில்லை, அதுதான் பிரச்சினை. சாய்ந்த வண்டிமேல் பின்வண்டி முட்டி, அதன்மேல் அடுத்தது முட்டி, உள்ளே இருந்த அத்தனையும் நொறுங்கின. நான் ஓடிப்போய் இரும்புக் கதவை வெறுங்கையால் பிடித்தேன். கையுறை என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. நெருப்பை அணைத்தது யான்லிங்.

அணைந்த சூளையைப் பார்க்கும் கதி உங்களுக்கு வேண்டாம் அண்ணா. ஆலையே பிணம் கிடக்கும் வீடுபோல ஆகிவிட்டது, முதலாளி யாருக்கும் தேநீர் ஊற்றவில்லை. ஆறிய பிறகு யான்லிங்கும் பெங்கும் உள்ளே ஊர்ந்துபோய் உடைசலை அள்ளினார்கள். வெளியே வந்தவள், முகமெல்லாம் கரியோடு, ஃபோஷான் போகிறேன் என்கிறாள்! உள்ளே என்ன பேசினானோ, மயக்கிவிட்டான். கல்யாணம்தான், வேறென்ன?

"நான் எப்பப்பா கல்யாணம்னு சொன்னேன்?"

"எழுதச் சொன்னா எழுது. குறுக்க பேசாத."

எனக்கென்று ஒரு கவலையும் இல்லை அண்ணா, குடும்ப கௌரவத்துக்காகச் சொல்கிறேன். ஊர் பேர் தெரியாதவன், நம் ஊர் முள்ளங்கி ஊறுகாயைத் தொடாமல் கஞ்சி குடிக்கிறவன், அவனெல்லாம் ஒரு மாப்பிள்ளையா? குடும்பத்துக்கு மூத்தவர் நீங்கள். உங்கள் சொல்லை அவள் தட்டமாட்டாள். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ஒரு வரி எழுதிப்போடுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடியின்றி வளரட்டும், உங்கள் கடையில் கூட்டம் குறையாதிருக்கட்டும், உங்கள் வீட்டுக் கழிப்பறை ஒருநாளும் அடைக்காதிருக்கட்டும்.

தங்கள் தம்பி,
ஷுன்ஃபா

பி.கு.: பெரியப்பா, இது யான்லிங். அப்பா மருந்து போட்டுக்கொள்ளப் போயிருக்கிறார். கல்யாணமும் இல்லை, சம்பந்தமும் இல்லை. பெங்குக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். சூளை இயந்திரம் பொருத்தும் வேலைக்கு அந்தக் கம்பெனி என்னைக் கூப்பிட்டிருக்கிறது, நான் சரியென்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கும் அது தெரியும். கல்யாணமென்றால் நீங்கள் தடுக்கலாம், வேலையைத் தடுக்க யாரிடம் போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதினேன், ஒரு வரியைத் தவிர. சொன்ன வாயோடு அதை அடிக்கச் சொல்லிவிட்டார்: "இவ போயிட்டா ராத்திரி யாரைச் சாப்பிடக் கூப்பிடுவேன்?"

அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள் பெரியப்பா.