பொலோனியா ஜாக்கெட்டுக்குக் கஞ்சி போட்ட கதை

2024 மே 11, சனிக்கிழமை. 6.30க்கு எழுந்தேன். ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர், இரண்டு மைல் நடை, 7.45க்குத் தேநீர். அதோடு நிறுத்தியிருக்கலாம். கிழிசலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

எங்கள் ஃப்ரீமான்ட் வீட்டு ஹாலில் இத்தாலியின் பொலோனியா நகரத்துப் பங்க் ராக் இசைக்குழு, நான்கு பேர், தூங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு செமஸ்டர் படித்தவள் என் மகள் ஆயிஷா. மூடிக்கிடந்த தொழிற்சாலைக்குள் இளைஞர்கள் புகுந்து, போலீஸ் விரட்ட விரட்ட நடத்திய கச்சேரிகளில் இவர்களைக் கேட்டு மயங்கியவள். அன்று மாலை ஓக்லண்டில் இவர்கள் கச்சேரி. அதற்கு முன், நான்கு மணிக்கு, ஆயிஷாவின் குழு. அவளுக்கு முதல் மேடை!

பாடகன் மார்கோவின் ஜீன்ஸ் ஜாக்கெட் நாற்காலியில் கிடந்தது. பத்தொன்பது கிழிசல், நாற்பத்தொரு ஊக்கு. (நம் வீட்டு விருந்தாளி இந்தக் கோலத்தில் மேடையேறினால் நமக்கு என்ன மரியாதை?) ஒவ்வொரு கிழிசலின் இடத்தையும் நீளத்தையும், ஊக்குகள் இருந்த இடங்களையும் வழக்கம்போல் டைரியில் குறித்துக்கொண்டு தைத்தேன். துவைத்து, கஞ்சி போட்டு, வெயிலில் காயவைத்து இஸ்திரி போட்டேன். ஊக்குகளை அளவுவாரியாக டப்பாவில் அடுக்கினேன்.

இரண்டு மணிக்கு எழுந்த மார்கோவின் முகம் வெளுத்தது. "ஒவ்வொரு கிழிசலும் ஒரு கச்சேரி. இது இல்லாமல் நான் பாடியதே இல்லை" என்றான் ஆங்கிலத்தில்.

"அத்தா, வாட் டிட் யூ டூ? ஷோவே கேன்சல் ஆயிடும்!" ஆயிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டைரி இருக்கும்மா" என்றேன்.

மற்ற மூவரும் வேனில் முன்னால் போக, நான் 880 ஃப்ரீவேயில் காரை விரட்டினேன். ஆயிஷாவுக்குத் தமிழ் படிக்க வராது. என் மனைவி நூர்ஜஹான் டைரியை வாசித்தாள், ஆயிஷா மொழிபெயர்த்தாள், மார்கோ கத்தரித்தான்.

"இடது முழங்கை, ரெண்டே கால் இன்ச், லேசா கோணல்."

"லெஃப்ட் எல்போ, டூ அண்ட் எ குவார்ட்டர், லிட்டில் க்ரூக்கெட்."

"ஏங்க, வண்டிய ஆட்டாதீங்க! முதுகுல பன்னெண்டாவது போயிட்டிருக்கு!"

3.50க்குக் கடைசி ஊக்கு ஏறியது. ஆயிஷா மேடைக்கு ஓடினாள். அவள் கிடாரில் முதல் அடி அடித்ததும் நான் குதித்த குதியில் என் மூக்குக்கண்ணாடி பறந்தது.

பிறகு மார்கோ வந்தான். கிழிசல்கள் திரும்பிவிட்டன, கஞ்சி போகவில்லை. காலர் காதுவரை நிமிர்ந்து நின்றது. கைகள் இறங்கவே மறுத்தன. இதுதான் பொலோனியா ஸ்டைல் என்று நினைத்துக் கூட்டம் கூரை அதிரக் கத்தியது.

இன்றும் வீட்டில் எது கிழிந்தாலும் நூர்ஜஹான் கேட்பது ஒன்றுதான்: "முதல்ல டைரில ஏத்தியாச்சா?"

கச்சேரிக்கு மறுநாளும் 6.30க்கு எழுந்தேன். இஸ்திரி மேசைமேல் மற்ற மூவரின் ஜாக்கெட்டுகள். மேலே ஆயிஷா ஆங்கில எழுத்தில் ஒரு சீட்டு வைத்திருந்தாள்: "ஒன்லி கஞ்சி. நோ தையல்."

ரோஜாக்கள் காத்திருக்கட்டும் என்று, முதல் வேலையாக அடுப்பில் கஞ்சி ஏற்றினேன்.