கடுகு அரைக்கக் கூடாத நாள்

லேக் மார்க்கெட், கொல்கத்தா
20 ஏப்ரல் 2005

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் மஹாதேவன் அவர்களுக்கு, வெங்கடநாராயணன் சாஷ்டாங்கமாக நமஸ்கரித்து எழுதிக்கொண்டது. இடுப்புப் பிடிப்பு இருப்பதால் சாஷ்டாங்கத்தைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன், மீதியை நேரில் செய்கிறேன். கோயம்புத்தூரில் தாங்களும் மீனாக்ஷி அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மேல் மாடி ராகவேந்திரன் எல்லோரையும்விட சௌக்கியம். அந்த வயிற்றெரிச்சலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ராகவேந்திரனை அக்காவுக்குத் தெரியும். என் பல்கலைக்கழகத்தில், என் இயந்திரவியல் துறையில், எனக்குப் பின்னால் சேர்ந்து, என் சிபாரிசில் என் கட்டடத்திலேயே குடிவந்து, நான் காட்டிக்கொடுத்த பால்காரரிடம் பால் வாங்கி, நான் காட்டிக்கொடுத்த கடையில் காபிப்பொடி வாங்கி, இன்றைக்கு எனக்கே ஒரு தலை உயரமாக நிற்பவர். கெட்டவர் என்று சொல்ல வாய் வரவில்லை, அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது. ஒரு மனிதன் மேல் பொறாமைப்படுவதற்கு அவனிடம் ஒரு சின்ன அயோக்கியத்தனமாவது இருந்தால் மனசுக்கு எவ்வளவு ஆறுதல்.

போன வருஷம் மாநில அரசிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பெங்களூரும் ஹைதராபாத்தும் எங்கேயோ போய்விட்டன, நாமும் ஓட வேண்டும், அதற்கு இனிமேல் பல்கலைக்கழகங்கள் அரசுக்குப் பங்காளிகளாக இருக்க வேண்டும் என்று. பங்காளி என்றால் நம் குடும்பத்தில் கோர்ட்டில் சந்தித்துக்கொள்பவர்கள் என்பது தங்களுக்குத் தெரியும், இங்கே அது மரியாதையான வார்த்தை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தான் கண்டுபிடித்த ஒரு எந்திரத்தைக் காட்டலாம், அரசுக் குழு வந்து பார்த்துப் பிடித்திருந்தால் அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோவார்கள், அதைச் செய்தவருக்கு ஒரு மையம், அந்த மையத்துக்கு இயக்குநர் பதவி, அந்தப் பதவிக்குத் தனி அறை, கதவில் பித்தளையில் பெயர். அத்திம்பேர், தங்களிடம் மறைப்பதற்கென்ன, எனக்கு அந்தப் பெயர்ப்பலகைதான் வேண்டியிருந்தது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் என் அறைக் கதவில் இன்னும் எனக்கு முன்னால் இருந்து காலமானவரின் பெயர்தான் இருக்கிறது. பெயிண்டர் வருவார் வருவார் என்றார்கள், அதற்குள் எனக்கு ஓய்வு பெறும் வயசு வந்துவிட்டது.

என் எந்திரம் கடுகு அரைக்கும் கிரைண்டர். வங்காளி வீட்டில் கடுகு விழுது இல்லாமல் ஒரு மீன்கூடச் சட்டிக்குள் இறங்காது. அதை அம்மியில் அரைத்து அரைத்து இந்த மாநிலத்துப் பெண்களின் தோள்பட்டையே தேய்ந்துபோயிருக்கிறது. நானோ வெங்காயம்கூடத் தொடாதவன், மீனுக்காக மூன்று வருஷம் கடுகை அரைத்து அரைத்துக் கசக்காத பதத்தைக் கண்டுபிடித்தேன். ராகவேந்திரன் செய்தது என்ன தெரியுமா? ஒரு பெட்டி. கண்ணாடி மூடி போட்ட வெறும் மரப்பெட்டி. அதற்குள் போரி காயுமாம். போரி என்றால் நம் வடாமுக்கு ஒன்றுவிட்ட தங்கை, பருப்பை அரைத்துக் கிள்ளி வைத்து வெயிலில் காயவைப்பது. பெட்டிக்கு மோட்டார் கிடையாது, ஸ்விட்ச் கிடையாது, சத்தம் கிடையாது. சத்தமே போடாததை எப்படி ஐயா எந்திரம் என்பது?

குழு வருவதற்கு இரண்டு தேதி கொடுத்து, ஏற்பாட்டை என்னிடம் விட்டிருந்தார்கள். அதில் ஒன்று சரஸ்வதி பூஜைக்கு மறுநாள். இங்கே சரஸ்வதி பூஜை நம் நவராத்திரியில் வராது, மாசி பிறக்கும் சமயத்தில் மாணவர்கள் பந்தல் போட்டுப் பெரிதாகச் செய்வார்கள். நான் யோசித்தேன். நமக்குப் பூஜைக்கு மறுநாள் விஜயதசமி, தொட்டதெல்லாம் துலங்கும், ஆயுதத்தை எடுத்து ஆரம்பிக்கிற நாள். ஆகவே அன்றைக்கு என் கிரைண்டரைச் சுழற்றினால் அம்பாளே கூட நிற்பாள். அதோடு இன்னொரு யோசனையும் வந்தது, நல்ல யோசனை இல்லை, ஆனால் வந்தது. ராகவேந்திரனிடம் போய், "அம்பாள் ஆசி வேண்டாமா? பெட்டியைப் பூஜையில வையுங்கோ," என்றேன். பூஜையில் வைத்ததை மறுநாள் புரோகிதர் வந்து முடிக்கும்வரை எடுக்கக் கூடாது. குழு வரும்போது அவர் பெட்டி மாலை போட்டுக்கொண்டு சும்மா கிடக்கும், என்னுடையது உறுமும். ராகவேந்திரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தோணவே இல்லையே சார், பெரியவா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் குமாஸ்தா பிஸ்வாஸைக் கூப்பிட்டு, பூஜைக்கு மறுநாள் உங்கள் வீட்டில் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டுக்கொண்டேன். "கிச்சு நா, ஸார்," என்றார். ஒன்றுமில்லையாம்.

குழு வந்தது. தலைவர் கோஷால், பழைய கல்கத்தாக் குடும்பம், வேஷ்டி சரிகை எல்லாம் பார்த்தாலே தெரியும். கூட லாஹிரி என்று ஒரு அம்மாள். நான் வெற்றிலை பாக்கு வைத்து, ஊறிய கடுகையும் பச்சை மிளகாயையும் போட்டு, ஸ்விட்சைத் தட்டினேன். கல் சுற்றியது. கோஷாலின் முகம் மாறியது. அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போனார். எந்திரத்தின் வேகத்தைக் கண்டு மலைத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து நான் இன்னும் ஒரு கை கடுகு போட்டேன். அந்த நெடி அறை முழுக்க ஏறி எல்லோர் கண்ணிலும் தண்ணீர். ஆனந்தக் கண்ணீர் என்றே நினைத்தேன், அத்திம்பேர், என் கண்ணிலும் வந்ததால்.

கோஷால் மெதுவாக, "வெங்கட் பாபு, இன்றைக்கா?" என்று கேட்டார். "இன்றைக்கேதான்," என்றேன் பெருமையாக. அப்போதுதான் லாஹிரி அம்மாள் சொன்னார். பூஜைக்கு மறுநாள் சீதளா ஷஷ்டி. அன்றைக்கு அவர்கள் வீட்டில் அம்மிக்கு மஞ்சள் பூசி, புதுத்துணி போர்த்தி, அதையே ஷஷ்டி தேவியாக வைத்துக் கும்பிடுவார்கள். கல்லை ஆட்டக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, முதல் நாள் வேகவைத்ததை ஆறவைத்துத்தான் சாப்பிட வேண்டும், அதெல்லாம் குழந்தைகளின் க்ஷேமத்துக்காக. "இன்று கல்லுக்கு ஓய்வு. நீங்கள் அதை மின்சாரம் வைத்துச் சுற்றுகிறீர்கள்," என்றார். வருஷத்தில் இத்தனை நாள் இருக்க, அம்மிக்கு விடுமுறை நாளாகப் பார்த்து நான் தேதி குறித்திருக்கிறேன். பிஸ்வாஸைத் திரும்பிப் பார்த்தேன். "எங்க வீட்டுல கிடையாது ஸார், நாங்க பத்மா நதிக்கு அந்தப் பக்கம், கிழக்கு வங்காளத்து மனுஷங்க. நீங்க எங்க வீட்டைப் பத்தித்தானே கேட்டீங்க," என்கிறார். நியாயம்தானே, யாரைக் கோபித்துக்கொள்வது?

சரி, சாப்பாட்டிலாவது சமாளிக்கலாம் என்று சுடச்சுட லுச்சியும், அதாவது மைதா பூரியும், ஆலூர் தம் என்கிற உருளைக்கிழங்குக் கறியும் கொண்டுவரச் சொன்னேன். ஆவி பறந்தது. ஒருவர் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து ராகவேந்திரனின் சம்சாரம் அலமு கொடுத்தனுப்பிய தூக்கு வந்து சேர்ந்தது. அலமு பள்ளிக்கூடத்தில் டீச்சர், காலையில் நேரம் இருக்காது என்று முதல் நாள் சாயங்காலமே பிசைந்து வைத்த தயிர் சாதம். ஆறியது, அதுவும் நேற்று சமைத்தது. கோஷால் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, "இந்த வீட்டாருக்கு நம் வழக்கம் தெரிந்திருக்கிறது," என்றார். சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

பிறகு பந்தலுக்குப் போனோம். பெட்டி பெரியது, பந்தலுக்குள் கொள்ளவில்லை என்று மாணவர்கள் அதை வெளியே வெயிலில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். யாரும் தொடவில்லை, நெருப்பில்லை, சத்தமில்லை. கண்ணாடிக்குள் போரி முழுக்கக் காய்ந்து சங்கு மாதிரி உட்கார்ந்திருந்தது. கோஷால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "அரசாங்கம் ஒரு பக்கம், பல்கலைக்கழகம் ஒரு பக்கம், எங்கள் வீட்டுச் சமையலறை ஒரு பக்கம் என்று இருந்தால் மாநிலம் எப்படி முன்னேறும்? மூன்றும் சேர்ந்த இடம் இதுதான்," என்று அங்கேயே அறிவித்துவிட்டார். ராகவேந்திரன் என்ன செய்தார் தெரியுமா? எல்லோர் முன்னாலும் என் பக்கம் கைகாட்டி, "இதைப் பூஜையில வைக்கச் சொன்னதே சார்தான். அவர் சொல்லலேன்னா பெட்டி இருட்டு லேப்லயே கிடந்திருக்கும்," என்றார். எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள். அதற்குப் பதில் இரண்டு அறை கொடுத்திருந்தால்கூட வலித்திருக்காது.

இப்போது அவர் இயக்குநர். என் அறைக்கு அடுத்த அறை. பித்தளைப் பலகை வந்துவிட்டது, பெயிண்டருக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அறைக்கு ஏசி வைத்திருக்கிறார்கள், அந்தத் தண்ணீர் சொட்டுவது என் ஜன்னலில். வீட்டுக்கு வந்தால் என் சம்சாரம் அனந்தலக்ஷ்மி, "அலமு நன்னா இளைச்சுட்டா, முகத்துல ஒரு களை வந்துருக்கு பாருங்கோ," என்கிறாள். எனக்கு ஏன் களை வரவில்லை என்று கேட்டேன். "உங்களுக்குக் கடுகு வெடிக்கறாப்பல முகம்," என்றாள். ஆம், பொறாமைதான். மாடியில் அவர் நாற்காலியை நகர்த்தினால்கூட இயக்குநர் நகர்த்துகிற மாதிரி எனக்குக் காதில் விழுகிறது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். தாங்கள் தயவுசெய்து கோயம்புத்தூரில் எனக்கு ஒரு சின்ன வீடு பார்க்கவும். மேல் மாடி இல்லாத வீடாக இருக்க வேண்டும். ஏதாவது கல்லூரியில் ஒரு வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. ராகவேந்திரன் வாழ்த்து மடல் எதிர்பார்ப்பார், தாங்கள் அனுப்பக் கூடாது. அக்காவையும் போனில் பேச விடக் கூடாது. அவளுக்கு இளகிய மனசு, வாழ்த்திவிடுவாள்.

அக்காவுக்கு என் நமஸ்காரங்கள். குழந்தைகள் தீர்க்காயுளோடும், பக்கத்து வீட்டுக்காரரைவிட ஒரு படி மேலேயும் இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
வெங்கடநாராயணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது ராகவேந்திரன் இறங்கி வந்தார். கையில் அலமு செய்த பாயசம். தயங்கித் தயங்கி, "சார், ஒரு கஷ்டம். பெட்டி காயவைக்கற வேகத்துக்குப் பொம்மனாட்டிகளால பருப்பு அரைச்சுக் குடுக்க முடியலை. பெட்டி காலியாவே இருக்கு. கோஷால் என்ன வழின்னு கேட்டார். எங்க சாரோட கிரைண்டர் இருக்கேன்னேன். ஒரு கிராமத்துக்கு ஒரு கிரைண்டர்னு உடனே சரின்னுட்டார். ஒரே நிபந்தனை, ஷஷ்டியன்னிக்கு மட்டும் ஓட்டக் கூடாதாம்," என்றார். அத்திம்பேர், மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடவும். ராகவேந்திரன் தங்கமான மனுஷன் என்று நான் எப்போதும் சொல்வதுதானே. வாழ்த்து மடலை உடனே அனுப்பவும், அக்கா தாராளமாகப் போன் பேசட்டும். வீடு பார்க்க வேண்டாம், கல் பார்க்கவும். கிரைண்டர் கல்லுக்குக் கோயம்புத்தூரை விட்டால் எங்கே போவது? பெட்டியின் மேல் அவர் பெயரே இருக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. கல்லில் மட்டும் என் பெயரை நன்றாக ஆழமாகக் கொத்தச் சொல்லுங்கள். அவர் பித்தளையைவிட ஒரு நாளாவது அது கூடுதலாக நிலைத்திருக்க வேண்டும்.